கம்பெனி அன்பளிப்பு

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தண்ணீர்: அளவுக்குள்தான். அப்படித்தான் இவர் சொல்கிறார்.

டயாலிசிஸ் சென்டர் சிஸ்டர் இந்த நோட்டைத் தந்ததே இவர் குடிக்கிற தண்ணீரை எழுதி வைக்கத்தான். இன்று எனக்குத் தண்ணீரைப் பற்றி எழுத மனசில்லை. வண்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எங்காவது கொட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

காலையில் பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி ஈச்சனாரி வரைக்கும் ஒழுங்காக வந்தோம். ரோட்டில் ஒரு மேடு. அதில் ஏறி இறங்கியதும் இன்ஜின் பட்டென்று அணைந்துவிட்டது. டாப் கியரில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த வண்டி! ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் உள்ளே போகவில்லை. பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. இரண்டு கையாலும் இழுத்து, ஓரம் கட்டி, பதற்றத்தில் சாவியைப் பிடித்துத் திருகினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்புள்ள, கிளட்ச்ச விட்டுட்டயா?"

டாப் கியரில் போகிறவள் கிளட்சை எதற்குத் தொடப் போகிறேன்? சர்க்கரை இவர் கண்ணைக் கெடுத்ததிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். சிறுநீரகமும் போன பிறகு வாராவாரம் செவ்வாயும் வெள்ளியும் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போய் வருவதும் நான்தான். ஒரு நாள் ஒரு கீறல் விழுந்ததில்லை. இவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன, வாய் மட்டும் ஓயவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

தண்ணீர்: ஒரு டம்ளர் அதிகம். குளியலறைக் குழாயில் குடித்ததை நான் பார்த்துவிட்டேன்.

கொழுந்தனார் சம்பத் வந்தார். இவர் போன் போட்டு வரச்சொல்லியிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். பீரோவில் இருந்த மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு ஆனைமலை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அண்ணி, வண்டி வெண்ணெயாட்டம் போகுது. உங்களுக்கு அலுப்பா இருக்கும், அதான்" என்றார். அலுப்பாம்! காய்கறியை இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்து, உப்பில்லாமல் ஒரு சமையலும் எனக்கு ஒரு சமையலும் செய்கிறேன், அப்போதெல்லாம் யாருக்கும் என் அலுப்பு கண்ணில் படவில்லை.

போகிற போக்கில் திருஷ்டியாக இருக்கும் என்றும் ஒரு பிட்டைப் போட்டுவிட்டுப் போனார். மாற்றுச் சாவியைத் திரும்ப பீரோவில் வைக்கவும் இல்லை. சாயங்காலம் வரை தேடி, கடைசியில் ஷூ ஸ்டாண்டில் கிடந்தது.

அவர் போனதும் இவர் சாமி அறைக்குள் போய், பழனியில் வாங்கிய பித்தளை வேல் ஒன்றை எடுத்து வந்தார். நல்ல கத்திரிக்காய் நீளம், கனமும் அதற்கு மேலே. அதை நூல் கட்டி வண்டிச் சாவியில் மாட்டினார். அதில் ஏற்கெனவே வீட்டுச் சாவி, கேட் சாவி, பீரோ சாவி, மோட்டார் ரூம் சாவி எல்லாம் தொங்குகின்றன. தனித்தனியாக வைத்தால் நான் தொலைப்பேன் என்று எல்லாவற்றையும் ஒரே கொத்தாக்கியதே இவர்தான். "இனிமே முருகன் பாத்துக்குவான்" என்றார். பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தண்ணீர்: சரி.

போகும்போது ஒரு தடவை நின்றது, வரும்போது ஒரு தடவை. இவரிடம் பேச்சே கொடுக்கவில்லை.

சென்டருக்கு ஷாஜகான் வந்திருந்தான். இவரோடு ஒரே நேரத்தில் டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த காதர் மைதீன் பாயின் மகன். ஆனைமலை ரோட்டில் தென்னை நார் குடோன் வைத்திருக்கிறான். ஜூன் மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது கிணத்துக்கடவு தாண்டி வண்டி புளியமரத்தில் மோதிவிட்டது. பாய் அங்கேயே போய்விட்டார். இவன் தூங்கிவிட்டான் என்று போலீசும் எழுதிவிட்டது, சொந்தக்காரர்களும் சொல்லிவிட்டார்கள், நாங்களும் சென்டரில் அப்படித்தான் பேசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, நோயாளிகளோடு கூட இருப்பவர்களுக்கு நெய்ச்சோறு கொடுத்துவிட்டுப் போகிறான். ஸ்டியரிங்கைத் தொடுவதே இல்லையாம்.

அவனுடையதும் எங்கள் மாடல்தான், அதே வெள்ளை. ஒருதடவை பார்க்கிங்கில் அவன் வண்டியை என் வண்டி என்று நினைத்து, கதவு திறக்கவில்லையே என்று கைப்பிடியோடு நான் மல்லுக்கட்டியதைப் பார்த்துப் பாய் சிரித்தது ஞாபகம் வந்தது.

இன்று பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு அவனாகவே சொன்னான். "தூங்கலீங்கக்கா. ஆனா எல்லாரும் சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

நான் என்ன சொல்வது? சாப்பிட்டியா தம்பி என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தண்ணீர்: எழுதவில்லை.

இவரை சென்டரில் படுக்க வைத்துவிட்டு, நேரே ஷோரூம் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஹரிபிரசாத் என்று ஒரு பையன், இஸ்திரி கலையாத சட்டை. நடந்ததையெல்லாம் சொன்னேன். மற்ற சாவிகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், தொலைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்றான். கொத்தைக் கழற்றுவதற்குள் நகம் உடைந்தது. வேலையும் கொத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்களாம், ஒரு கோளாறும் இல்லையாம். சுற்றி ஓட்டிப் பார்த்தார்களாம், ஒருதடவைகூட நிற்கவில்லையாம். "டிரைவிங் ஸ்டைல்னு ஒண்ணு இருக்குங்க மேடம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்த ஸ்டைல் என்னிடம் மட்டும் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்டேன். சிரித்தான்.

கிளம்பும்போது ஒரு சின்ன அட்டைப்பெட்டியை நீட்டினான். கம்பெனி அன்பளிப்பாம். உள்ளே பிளாஸ்டிக் சாவி வளையம், ஊதினால் பறந்துவிடும். "வண்டிச் சாவிய இதுல மட்டும் போடுங்க மேடம். வேற எதுவும் மாட்டாதீங்க." எதற்கு என்றேன். அழகாக இருக்குமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றிகூடச் சொல்லவில்லை. வண்டி நடுரோட்டில் நிற்கிறது என்று சொல்ல வந்தவளுக்கு வளையமும் கையுமாக வழியனுப்பு விழா!

சென்டர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு முதல் வேலையாகப் பழைய கொத்தையும் வேலையும் மாட்டினேன். வளையம் இப்போது சமையலறையில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இரண்டு தடவை நின்றது. எழுதத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தண்ணீர்: சரி. உடம்பில் வீக்கம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். புழுக்கமான நாள், யாருக்குத்தான் கால் வீங்காது.

சம்பத் ஒரு டிரைவரை ஏற்பாடு செய்யலாம் என்கிறார். இவரும் தலையாட்டுகிறார். என் எதிரிலேயே இரண்டு பேரும் நான் அங்கே இல்லாத மாதிரி பேசினார்கள். நான் முறத்தில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டே இருந்தேன். கடைசியில் சொன்னேன்: "டிரைவர் வெச்சீங்கன்னா அவரே சமைச்சும் போடட்டும்." சம்பத் காபி குடிக்காமலேயே கிளம்பிவிட்டார்.

எனக்கு இந்த ரோட்டில் போவது பிடிக்கும். ஒத்தக்கால்மண்டபம் தாண்டினால் காற்று மாறும். இவர் எதையாவது சொல்லிக்கொண்டே வருவார், நான் காதில் வாங்காமல் ஓட்டுவேன். வாரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் வெளியுலகம். அதை ஒரு டிரைவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போக என்னால் ஆகாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வண்டிக்கு ஈச்சனாரியில் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். நசுங்கியது. திரும்பும்போது நிற்கவே இல்லை. இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வேகத்தடையே வராத பக்கமாகச் சுற்றி வந்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று எழுதவில்லை.

டயாலிசிஸ் முடிந்து வந்துகொண்டிருந்தோம். பாலம் வேலை நடக்கிற இடத்தில் ரோடு பெயர்ந்து கிடந்தது. வண்டி தூக்கிப் போட்டது, இன்ஜின் அணைந்தது. ஸ்டியரிங் அப்படியே இறுகிவிட்டது. எதிரே மணல் நிரப்பிய பீப்பாய்கள். மோதினோம். பீப்பாய் இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் பள்ளம்.

ஏர்பேக் என்று ஒன்று இருக்கிறதாம், விளம்பரத்தில் பூப்போல விரியும். விரியவில்லை. இவர் இடது கை டாஷ்போர்டில் அடித்தது. டயாலிசிஸ் ஊசி போடுகிற கை. ஊசி போட்ட இடத்தில் ரத்தம் பீய்ச்சிக்கொண்டு வந்தது. டயாலிசிஸ் அன்றைக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருப்பார்கள், லேசில் நிற்காது. என் முந்தானையைச் சுருட்டி வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். இவர் கிளட்ச் என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ரத்தம் நின்றது. கை வீங்கியிருக்கிறது, ஊசி போடுகிற அந்த நரம்பு பிழைக்குமா என்று இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பிழைக்காவிட்டால் டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் வைப்பார்களாம்.

எனக்கு ஒன்றுமில்லை. சம்பத் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நரம்பு பிழைத்துவிட்டது. சிஸ்டர் என் கையை எடுத்து அதன் மேல் வைத்துக் காட்டினார். விரலுக்கடியில் ரத்தம் ஓடுகிற அதிர்வு தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மத்தியானம், இழுத்து வந்து போட்டிருந்த வண்டியிலிருந்து இவருடைய ரிப்போர்ட் பையை எடுக்கப் போனேன். ஆஸ்பத்திரியை விட்டு நான் நகராததால் சாவி அன்றைக்கு விட்டது விட்டபடி வண்டியிலேயே இருந்தது. ஆனால் சாவி ஆன் பக்கம் இல்லை. பின்னால் திரும்பி, ஆஃப் பக்கம் சரிந்திருந்தது. நான் அணைக்கவில்லை. அணைக்க எனக்குக் கை எங்கே இருந்தது? இழுத்து வந்தவரைக் கேட்டேன். கியரை நியூட்ரலாக்கிக் கொக்கி மாட்டினோம், சாவியைத் தொடவே இல்லை என்றார்.

மூக்கு நசுங்கியிருந்தாலும் ஸ்டார்ட் ஆனது. நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, கொத்தையும் வேலையும் கையால் லேசாகக் கீழே தட்டினேன். சாவி வழுக்கியது, இன்ஜின் அணைந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் அணைந்தது. கொத்தைக் கழற்றிவிட்டு, சாவியை மட்டும் வைத்து, ஓங்கித் தட்டினேன். இன்ஜின் பாட்டுக்கு ஓடியது.

சம்பத் ஓட்டியது மாற்றுச் சாவி, மொட்டைச் சாவி. சர்வீஸில் ஓட்டியதும் மொட்டைச் சாவி. என் கையில் மட்டும்தான் இந்தக் கனம். குலுங்கினால் கொத்து இழுக்கிறது, சாவி திரும்பிவிடுகிறது, இன்ஜினோடு ஏர்பேக்கும் அணைந்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம்தான் காலண்டர் ஆணியில் தொங்குகிற வளையம் நினைவுக்கு வந்தது. இதில் மட்டும் போடுங்கள், வேறு எதுவும் மாட்டாதீர்கள். அடப்பாவிகளா! தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 3, புதன்

இவரிடம் சொன்னேன். "சாவியில வேல் மாட்டுனது நாந்தான" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "வளையத்தக் குடுத்தவன் காரணத்தையும் சொல்லியிருந்தா அந்த வேலு நேரா சாமி ரூமுக்குப் போயிருக்கும்ல?" என்று கத்திவிட்டேன். ஆஸ்பத்திரி என்பதே மறந்துவிட்டது. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீங்காத கையை.

செப்டம்பர் 4, வியாழன்

ஷோரூமில் மேனேஜர் முன்னால் அந்த வளையத்தை மேஜையில் வைத்தேன். ஹரிபிரசாத் என்னைக் கண்டதும் கீழே பார்க்க ஆரம்பித்தவன்தான், நிமிரவே இல்லை.

மேனேஜர் சுற்றி வளைத்தார். அது கோளாறு இல்லையாம், வாடிக்கையாளர் வசதிக்கான யோசனையாம். சாவியில் கனம் தொங்கவிடாதீர்கள் என்று சொல்லச் சொல்லி மேலிடத்திலிருந்து வாய்மொழியாக வந்ததாம். தொங்கவிட்டால் இன்ஜின் நிற்கும், ஏர்பேக்கும் விரியாது என்று சொல்லச் சொன்னார்களா என்று கேட்டேன். ஹரிபிரசாத்தான் மெல்லச் சொன்னான்: "காரணத்தச் சொன்னா எல்லாரும் பயந்து வண்டியக் கொண்டுவந்து நிறுத்திருவாங்கன்னு சொன்னாங்க மேடம்." மேனேஜர் அவனை வெளியே போகச் சொன்னார்.

என் வண்டிக்கு மட்டும் சாவி போடுகிற சுவிட்சை மாற்றித் தருகிறேன், முன்பக்கத்தையும் சரிசெய்து தருகிறேன் என்றார். மற்றவர்கள் வண்டிக்கு என்றேன். "அவங்க வந்து கம்ப்ளெயின்ட் பண்ணுனா கண்டிப்பாப் பார்ப்போம் மேடம்."

"செத்தவன் வந்து கம்ப்ளெயின்ட் பண்ணுவானா?"

காபி வரவழைத்தார். குடிக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

தண்ணீர்: சரி.

சுவிட்சை மாற்றிக்கொண்டேன். இவர் உயிர் என் வீம்புக்குப் பணயம் இல்லை. ஆனால் திருப்தி என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள், மாட்டேன் என்று வந்துவிட்டேன்.

ஷாஜகான் வந்தான். சாவி விஷயத்தைச் சொல்லவில்லை. நெய்ச்சோறு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

கம்பெனி தலைமை அலுவலகத்துக்கும் நுகர்வோர் கோர்ட்டுக்கும் எழுதிப் போட்டேன். கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள், தேன் குரல். என் கருத்துக்கு நன்றியாம். பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்றாள். எதற்கு என்றேன். இந்த உரையாடலுக்காம். கோர்ட்டில் வாய்தா போட்டிருக்கிறார்கள்.

இன்றும் ஷாஜகானிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, போன உயிர் திரும்பவா போகிறது? இப்போதுதான் ஏதோ தேறி வருகிறான். முதலில் கேஸ் ஒரு வழிக்கு வரட்டும்.

இவர் கேட்டார்: "யாருக்கும் சொல்லாம வெச்சிருக்கானுகன்னு கம்பெனிக்காரனத் திட்டறியே, நீ என்ன பண்ணீட்டு இருக்கே?"

இந்த மனுஷனுக்கு வாய் மட்டும் ஓயவே ஓயாது.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. இன்றைக்குப் புது வண்டி எடுக்கிறவர்கள் அத்தனை பேரும் பூஜைக்கு ஈச்சனாரிக்குத்தான் வருவார்கள். நானும் போனேன். எங்கள் மாடலை எங்கே கண்டாலும் போய், சாவியில் ஒன்றும் தொங்கவிடாதீர்கள், ஓடும்போது இன்ஜின் அணைந்துவிடும் என்று சொன்னேன்.

நல்ல நாளும் அதுவுமாக ஏன் இப்படி அபசகுனமாகப் பேசுகிறாய் என்று ஒரு பெண் என்னை அடிக்க வராத குறை. அவள் புருஷன் புது எலுமிச்சம்பழத்தை எடுத்து எனக்கே சுற்றிப் போட்டார். இன்னொருவர் நான் போட்டிக் கம்பெனி ஆளா என்று கேட்டார். எனக்கும் கோபம் வந்து, விளங்காமல் போங்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. மென்று விழுங்கினேன். விளங்காமல் போய்விடக் கூடாது என்றுதானே வெயிலில் நிற்கிறேன்.

ஒரே ஒரு பையன், மாலையும் கழுத்துமாக, சாவியைக் கழற்றிப் பார்த்தான். கொத்தைத் தனியாக எடுத்து மனைவி கையில் கொடுத்தான். ஒருத்தன் கேட்டான். சரி, ஒருத்தன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

தண்ணீர்: கேட்கவில்லை.

ஷாஜகானைப் படிக்கட்டில் உட்கார வைத்துச் சொன்னேன். சாவி, கொத்து, வேல், வளையம், எல்லாவற்றையும். எங்கள் வண்டி நின்ற விதத்தைச் சொல்லும்போது அவன் பொட்டலப் பையைக் கீழே வைத்துவிட்டான்.

"அன்னைக்கு உன் சாவியில என்ன தொங்குச்சு தம்பி?"

அவன் பாக்கெட்டில் கையை விட்டு எடுத்தான். குடோன் பூட்டுச் சாவிகள், ஒவ்வொன்றும் விரல் தடிமன் இரும்பு. நடுவில் வண்டிச் சாவியும் இருந்தது. போலீஸ் திருப்பித் தந்ததிலிருந்து கழற்றாமல் அப்படியே வைத்திருக்கிறான்.

உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். பிறகுதான் சொன்னான்.

"அத்தா சொன்னாருக்கா. 'டேய், வண்டி நின்னுபோச்சுடா'ன்னார். அவர் கடைசியாப் பேசுனது அதான். நான் தூக்கத்துல கேட்டதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

அவன் அழுதான். அழட்டும் என்று விட்டேன். பாயை நினைத்து எனக்கும் வந்தது, கம்பெனிக்காரனை நினைத்து வயிறும் எரிந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தவன், கோர்ட்டில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டான்.

இவருக்கு முடிந்ததும் கிளம்பினோம். நான் வண்டிச் சாவியை, மொட்டைச் சாவியை, அவனிடம் நீட்டினேன். வேண்டாங்கக்கா என்றான். எனக்கு அலுப்பாக இருக்கிறது தம்பி என்றேன். வாங்கிக்கொண்டான்.

முன் சீட்டில் இவர். பின் சீட்டில் நான், மடியில் சாவிக்கொத்தும் வேலும். கிணத்துக்கடவு தாண்டி அந்தப் புளியமரம் வந்தபோது ஷாஜகான் வேகத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை. இவர் வழக்கம்போல அதற்குள் தூங்கிவிட்டார். எனக்கும் கண்ணைச் சொக்கியது, கொஞ்ச நேரம் அசந்துவிட்டேன்.

ஷாஜகான் தூங்கவில்லை.